வல்லநாட்டுக் குன்றும் கோடைத் தீயும்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் பெருவழியின் அருகே நிற்கும் வல்லநாட்டுக் குன்று, 1987ஆம் ஆண்டு முதல் வெளிமான்களின் சரணாலயமாகப் பரிபாலிக்கப்பட்டு வருகிறது. 16.41 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அச்சிறு பிரதேசத்தில், ஐப்பசி மழையில் தழைக்கும் புல் கோடையில் சருகாகிவிடுவதால், எவரோ எறிந்த ஒரு பீடித்துண்டே மானினத்தின் மேய்ச்சல் முழுவதையும் நாசமாக்கப் போதுமானது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் மூண்ட தீ, மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டவர்களின் பிராணனைப் பறித்ததை நாம் மறந்திருக்க நியாயமில்லை.

கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளைச் செதுக்குவதும், அவற்றினின்று சருகை அப்புறப்படுத்துவதும், புல்வெளியை ஆக்கிரமிக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு களைவதும் வனத்துறையின் சொற்ப சிப்பந்திகளால் மட்டும் முடிகிற காரியங்களல்ல. விளாத்திகுளம் வட்டாரத்தில் அம்மரத்தைச் சுட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்களின் கைத்திறன், கூலியும் விறகில் உரிமையும் அளிக்கப்படுமாயின், இக்கைங்கரியத்துக்குப் பெருந்துணையாகும். கிராமத்தாரைக் கூட்டாளிகளாக்கி வனங்களைப் புனருத்தாரணம் செய்யலாமென்று மத்திய சர்க்கார் 1990 ஜூன் மாதத்திலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. களைந்த இடத்தில் மரம் நடும் ஆர்வத்தையும் சற்று அடக்க வேண்டும். வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளியே.

1961க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோனதைக் கண்ட இக்கரையோர ஜனங்களுக்கு, க்ஷீணித்த இயற்கைச் செல்வம் மீள்வது எத்துணை அரிதென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, தை மாதத்திலேயே வனத்துறை சுற்றுக் கிராமங்களின் பிரதிநிதிகளை அழைத்து, வேலையையும் ஊதியத்தையும் எழுத்துமூலம் நிர்ணயிக்க வேண்டுமென மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறோம்.