இரண்டு பேருக்கும் சீட்டு

கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லையென்றால் முதலில் மலையிறங்குவது மனைவிதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை. அடுத்த மாதம் மறுபடியும். கணவன் துணைக்கு வருவான். அவனையும் சோதித்தால் என்ன என்று கேட்பவர் அபூர்வம்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கோ ஊசிகூடத் தேவையில்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும்.

சிக்கல் மலைதான். மாதிரியை உடல் சூட்டிலேயே வைத்திருந்து ஒரு மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். தாமதமானால் விந்தணுக்களின் ஓட்டம் தளர்ந்து, நல்ல மாதிரியும் மோசமாகத் தெரியும். வீட்டில் எடுத்து பஸ்ஸில் நாமக்கல் கொண்டுபோவது ஆகாத காரியம். எனவே மலைமேல் உள்ள செம்மேடு அரசு மருத்துவமனையிலேயே இந்தச் சோதனை நடக்க வேண்டும். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் மைக்ராஸ்கோப்பும், ரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடித் தகடும் அடிப்படைச் சோதனைக்குப் போதும். கூடவே பயிற்சி பெற்ற டெக்னீஷியன், தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. கழிவறையைக் கைகாட்டுவது ஏற்பாடாகாது.

ரிசல்ட்டைப் பக்குவமாகச் சொல்லவும் ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள். இது பாஸ் மார்க் அல்ல; இதற்குக் கீழே உள்ளவர்களும் தகப்பனாகிறார்கள். கடுமையான காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைக்கும். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆவதால், குறைவென்று வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. விதைப்பையில் ரத்தநாளம் புடைத்திருந்தாலும், விந்து வரும் வழி அடைத்திருந்தாலும் பலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும்.

ஆண்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு: ஆண்மை இல்லாதவன் என்ற பேச்சுக்கு. விந்தணுக் குறைவும் ஆண்மைக் குறைவும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பித்தான் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். அவர்களுடைய விளம்பரங்களுக்குப் பத்திரிகைகளும் இடம் கொடுத்தே வந்திருக்கின்றன.

இதே நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ நாவலில், குழந்தையில்லாத காளிக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சு எழுகிறது. அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. இன்றும் அந்தப் பேச்சை எடுப்பவர்கள் முதலில் மகனை லேபுக்கு அனுப்பட்டும். மருத்துவர்களும் மனைவிக்கு ஸ்கேன் எழுதும் அன்றே கணவனுக்கும் சீட்டு எழுத வேண்டும்.