டைப் ஒன் பிள்ளையின் சைக்கிளைப் பூட்டி வைக்காதீர்கள்

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ டைப் ஒன் நீரிழிவு உள்ள பிள்ளை இருக்கிறதா? "நீ ஓடாத கண்ணு, ஓரமா உக்காரு" என்று சொல்பவரா நீங்கள்? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது இனிப்பு தின்று வந்த நோய் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பிள்ளை மேலும் தப்பில்லை, பெற்றவர்கள் மேலும் தப்பில்லை. இன்சுலினை ஊசி மூலம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்காகக் கால்களையும் ஏன் கட்டிப் போடுகிறீர்கள்?

அமெரிக்காவில் ஃபில் சதர்லேண்ட் என்று ஒருவர். ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போதே டைப் ஒன். வளர்ந்து, நண்பர் ஜோ எல்ட்ரிஜுடன் சேர்ந்து அவர் ஆரம்பித்த சைக்கிள் அணியின் பெயரே "டீம் டைப் ஒன்". அந்த நாட்டை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை குறுக்கே கடக்கும் "ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா" போட்டி ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். 2007ல் எட்டுப் பேர் அணிப் பிரிவில் இவர்கள்தான் முதலிடம். மாற்றி மாற்றி மிதித்து ஆறு நாளுக்குள் முடித்தார்கள். எட்டுப் பேரும் இன்சுலின் போடுகிறவர்கள்.

அந்த அணி பிறகு டீம் நோவோ நோர்டிஸ்க் ஆனது. வீரர்கள் எல்லோருக்கும் நீரிழிவு. ஒரே நாளில் 290 கிலோமீட்டர் போல ஓட்டும் மிலான் - சான் ரெமோ பந்தயத்திலேயே இறங்கியிருக்கிறார்கள். (இன்சுலின் கம்பெனியின் பெயர், விளம்பரம்தான். தெரிந்தேதான் சொல்கிறேன். ஆனால் பெடலை மிதித்தது கம்பெனி இல்லையே!)

"சைக்கிள் மிதிச்சா லோ சுகர் ஆகாதா டாக்டர்?"

ஆகும். மறைக்கவில்லை. உழைக்கும் தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலேயே ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் கணையம் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஊசியில் போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. சிக்கல் இது மட்டும்தான். இதற்குக் கணக்கு இருக்கிறது.

கிளம்பும் முன் சுகர் பார்க்க வேண்டும். 126 முதல் 180 வரை இருந்தால் நல்ல ஆரம்பம். 90க்குக் கீழே என்றால் முதலில் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ், பிறகு சைக்கிள். 270க்கு மேலே போய், கீட்டோனும் ஏறியிருந்தால் அன்று சைக்கிள் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நீண்ட தூரம் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சைக்கிள் மிதிக்கப் போகும் நாளில் தொடையில் ஊசி போட வேண்டாம், வயிற்றில் போடுங்கள். ஓடும் காலில் இன்சுலின் சீக்கிரம் ஏறிவிடும். சாப்பாட்டுக்கு முன் போடும் டோஸை எவ்வளவு குறைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆபத்து மிதிக்கும்போது மட்டும் இல்லை. காலியான கிளைக்கோஜன் இருப்பைத் தசை இரவு முழுக்க நிரப்பிக்கொண்டே இருக்கும். மாலையில் 40 கிலோமீட்டர் போன பிள்ளைக்கு நடு ராத்திரி தூக்கத்தில் லோ ஆகலாம். படுக்கும் முன் ஒரு முறை, தேவைப்பட்டால் நடுவில் ஒரு முறை பாருங்கள்.

இந்தியாவிலேயே நடக்கும் 200 கிலோமீட்டர் ப்ரெவேக்களுக்குக் கால அவகாசம் பதிமூன்றரை மணி நேரம். அத்தனை நேரமும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவரை "சுகர் பேஷண்ட், பாவம்" என்கிறோம்!

எனக்கு அதிகக் கோபம் வருவது இரண்டு கூட்டத்தின் மேல்.

ஒன்று, இந்த வீரர்களையே காட்டி, "உடற்பயிற்சி பண்ணினா போதும், இன்சுலினை நிறுத்திடலாம்" என்று வீடியோ போடுபவர்கள். டைப் ஒன்னில் இன்சுலினை நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸ், அது கவனிக்காவிட்டால் மரணம். 1922ல் முதல் இன்சுலின் ஊசி போடப்படும் முன்பு இந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் உயிரை இழுத்துப் பிடித்தார்கள். அந்தக் காலத்துக்கா திரும்பக் கூப்பிடுகிறீர்கள்?

இரண்டாவது, "வெளிய சொல்லாதீங்க, நாளைக்குக் கல்யாணம் பேசணும்" என்கிற சொந்தபந்தம். பெண் பிள்ளை என்றால் இது இரட்டிப்பு. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் வீட்டில் சாத்திக் கிடக்கும். எடுத்துப் போனாலும், தோழிகள் முன்னால் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரிக்கக் கூச்சம். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், ஆனாலும் வாய் திறக்காது. நடு ரோட்டில் விழ வைப்பது நோயா, நீங்கள் கட்டிக் காக்கும் ரகசியமா?

பிடி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மேஜை டிராயரில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, திடீர்க் கோபம் தெரிந்தால் மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துச் சுகர் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும். கடலை மிட்டாய் அந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.