"டாகுமென்ட் கிளியர்" என்றால் என்ன அர்த்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கோபம் வந்தாலும் முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

ஒரு மாதத்தில் நம் வாட்ஸ்அப் குரூப்புகளில் நாலைந்து விளம்பரம் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே அச்சு. "காங்கேயம் பக்கம் 5 ஏக்கர் தோட்டம். கருங்கல் கட்டடம், ஓட்டு வீடு, மாட்டுக் கொட்டகையுடன். கிணறு 1, போர் 2, ஃப்ரீ சர்வீஸ். டாகுமென்ட் கிளியர். நேரடி பார்ட்டி மட்டும்." கூடவே நாலு போட்டோ. யாருடைய தோட்டம் என்று சொல்ல மாட்டேன். ஒருவரைக் குறி வைத்து எழுதவில்லை.

தோட்டத்தை விற்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிறவன் இங்கே வந்து பண்ணயம் பார்க்க முடியாது. ஆள் கிடைப்பதில்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, பெரியவர்களுக்கும் முடியவில்லை. விற்க வேண்டிய நிலை வந்தால் விற்கத்தான் வேண்டும். என் சண்டையெல்லாம் அந்த இரண்டே வார்த்தையோடுதான். டாகுமென்ட் கிளியர். யாரை ஓரங்கட்டிவிட்டு அது கிளியர் ஆனது?

போட்டோவை இன்னொரு முறை பாருங்கள். இரண்டடி கனத்துக்கு மண் சாந்து வைத்துக் கட்டிய கல் சுவர். மேலே சுண்ணாம்புக் காரை. சித்திரை வெயிலிலும் ஆசாரத்தில் படுத்தால் குளுகுளு என்று இருக்கும். பின்னால் பொடக்காலி. கொஞ்சம் தள்ளிக் கட்டுத்தரை: கல்தூண் நிறுத்தி, கல்தொட்டி போட்டு, பக்கத்தில் தட்டுப்போர். நம் பக்கத்துப் பல தோட்டங்களில் வீட்டைவிடக் கட்டுத்தரைதான் நீளம். ஏனென்றால் வீட்டுக்குச் சோறு போட்டதே அதுதான்.

அந்தக் கட்டுத்தரையை நடத்தியது யார்? விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சாணி அள்ளிக் கூட்டியது யார்? பால் கறந்து சொசைட்டி வண்டிக்கு முன்னால் கேனோடு நின்றது யார்? தட்டு அறுத்துக் கட்டிச் சுமந்து வந்தது, தண்ணி காட்டியது, சினைமாடு கன்று போடும் ராத்திரியில் லாந்தரோடு உட்கார்ந்திருந்தது யார்? அம்மாவும், கல்யாணம் ஆகும்வரை அக்கா தங்கச்சிகளும். பருத்தி பொய்த்த வருசமும் புகையிலை விலை விழுந்த வருசமும் பால் காசுதான் வட்டி கட்டியது, ஸ்கூல் ஃபீஸ் கட்டியது. ஆனால் சொசைட்டிப் புத்தகத்தில் யார் பெயர் இருந்தது? அப்பா பெயர்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. இடைநிலை ஆசிரியையாக இருந்த அத்தனை வருசமும் பார்த்தது. முதல் பாடவேளைக்கு மூச்சு வாங்க ஓடி வருகிற பெண்பிள்ளைகளிடம் காரணம் கேட்கத் தேவை இருக்காது. கட்டுத்தரை வேலை முடித்துவிட்டு வந்திருப்பார்கள். அதே வீட்டுப் பையன் மணி அடிக்கும் முன்பே தலை வாரிக்கொண்டு முதல் பெஞ்சில் இருப்பான்.

இப்போது அந்தத் தோட்டம் விலைக்கு வந்துவிட்டது. அட்வான்ஸ் வாங்கியாச்சு. அப்புறம்தான் அக்காவுக்குப் போன் போகிறது. "ஒரு கையெழுத்து வேணும், வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்துட்டுப் போ, கார் அனுப்பறேன்." என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது. வருகிறாள். எழுத்தர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறாள், கைரேகை வைக்கிறாள். ஒரு பட்டுப்புடவை, ஒரு கவர், ஹோட்டலில் சாப்பாடு. முடிந்தது. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். இத்தனை வருசம் தமிழ் படித்தவர்கள்தானே நீங்கள், சொல்லுங்கள்: இதில் விடுதலை யாருக்கு?

சட்டம் தெரியாதே என்று யாரும் சொல்ல வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன். 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1956ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்தில் மகனைப் போலப் பிறப்பாலேயே உரிமை என்பது தமிழ்நாட்டில் 1989ல் வந்தது. அதாவது தீர்மானம் போட்டு அறுபது வருசம் கழித்து. அதுவும் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், கல்யாணம் ஆனவள் ஆகாதவள் என்ற பேதம் இல்லாமல் அந்த உரிமை வந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்ததையும் விற்றதையும் மட்டும் அது தொடாது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்தக் கல்வீட்டுக்கு நேராகப் பொருந்துகிற ஒன்றும் உண்டு. 1956 சட்டத்தில் 23வது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் அதில் பாகம் கேட்க முடியாது. நிலத்தில் பங்கு உண்டு, ஆனால் பிறந்த வீட்டைப் பிரிக்கச் சொல்லி அவள் கேட்கக்கூடாது! 2005ல் அதையும் நீக்கிவிட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கியதை நம் ஆட்கள் மனசிலிருந்து இன்னும் நீக்கவில்லை.

இனி நீங்கள் சொல்லப்போகும் பதில்களுக்கு வருகிறேன். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"அவளுக்குத்தான் சீர் செஞ்சு, நகை போட்டு அனுப்பியாச்சே." நீங்கள் சீர் என்று சொல்வதில் பெரும்பகுதி மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கியது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961லேயே சட்டம் இருக்கிறது. குற்றம் என்று சட்டம் சொல்வதைப் பாகம் கொடுத்ததற்கு ரசீதாகக் காட்டுகிறீர்களா? சரி, அதைக் கழித்துக்கொள்வோம் என்றால் உங்கள் இன்ஜினியரிங் ஃபீஸையும் கழியுங்கள். தொழில் தொடங்க அப்பா கொடுத்த முதலையும், அதில் போன நஷ்டத்தையும் கழியுங்கள். கணக்கு என்று வந்தால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

"புருசன் வீட்டுல அவளுக்குச் சொத்து இருக்குதே." அங்கே என்ன நடக்கிறது? அவள் நாத்தனார் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மருமகளாக வந்தவளுக்கு அங்கே தன் பெயரில் ஒரு சென்ட் கிடையாது. பிறந்த வீட்டில் "போன பெண்", புகுந்த வீட்டில் "வந்த பெண்". இவளுக்கு ஊர் எது?

"அவளே வேண்டாம்னு சொல்லிட்டா டீச்சர்." இதுதான் அடிக்கடி கேட்பது. ஒரே ஒரு கேள்வி: விலையைச் சொன்ன பிறகு வேண்டாம் என்றாளா, சொல்லும் முன்பே வேண்டாம் என்றாளா? தன் பங்கு இத்தனை லட்சம் என்று தெரிந்து, மனசார "தம்பி கஷ்டப்படறான், அவனே வெச்சுக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. நான் கும்பிடுகிறேன். தொகையை மறைத்து வாங்கிய கையெழுத்துக்கு அந்தப் பெயர் கிடையாது.

அவள் ஏன் வாய் திறப்பதில்லை தெரியுமா? பாகம் கேட்டால் தாய்வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம். பொங்கலுக்கும் நோம்பிக்கும் வந்து போக ஒரு வீடு வேண்டும், பிள்ளைகளின் காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும். அதற்காகத்தான் பல லட்சத்தை விட்டுவிட்டு மௌனமாக இருக்கிறாள். நீங்கள் செய்வது என்ன? அந்தத் தாய்வீட்டையே விற்கிறீர்கள். எந்த வாசலுக்காக அவள் பங்கை விட்டாளோ, அந்த வாசலும் இல்லை, பங்கும் இல்லை. இதை எந்த உறவுக் கணக்கில் எழுதுவீர்கள்?

அம்மாவையும் மறந்துவிடக்கூடாது. அந்த வீட்டில் இன்றைக்கும் விளக்குப் போட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான். அப்பா உயில் இல்லாமல் போயிருந்தால் அவருடைய பங்கில் அம்மாவும் ஒரு வாரிசு. அவருக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் பெயரில் வங்கியில் போட்டுக் கொடுத்த மகன்கள் எத்தனை பேர்? "மூணு மாசம் இங்க, மூணு மாசம் அங்க" என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் கால் நடக்காமல் போகும்போது அழைத்துப் போகிறவள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அந்த மகள்.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, சுய நினைவோடு உயில் எழுதி வைத்திருந்தால் அது வேறு. பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பிள்ளைக்குக் கூடக் கொடுப்பதும் நியாயம்தான். ஆனால் அதை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால்.

வாங்கப் போகிற என் மாணவர்களே, ஐ.டி. சம்பளத்தில் வாரக் கடைசிக்கு ஒரு தோட்டம் தேடுகிறவர்களே! வில்லங்கச் சான்றும் பட்டாவும் மட்டும் போதாது. வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். மகள்களின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அவர்களிடம் நேரில் பேசுங்கள், விலையைச் சொல்லுங்கள். விடுபட்ட மகள் நாளைக்குப் பாகப் பிரிவினை வழக்குப் போட்டால் கோர்ட்டுக்கு நடக்கப் போவது நீங்களும்தான்.

பெண்பிள்ளைகளே, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருக்காலும் போடாதீர்கள். விலை என்ன, என் பங்கு என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்திரத்தில் "தொகை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தால் பெற்றுக்கொண்டீர்களா என்று பாருங்கள். ஒரு நகல் வாங்கி வையுங்கள். பதிவான பிறகு அதை மாற்றுவது லேசான காரியம் இல்லை. கேட்பது பேராசை இல்லை அம்மிணி, அது உங்களுடையது.

பையன்களுக்கு ஒரு கணக்கு. அப்பா சம்பாதித்த தோட்டம், உயில் இல்லை. அம்மா, இரண்டு மகன், ஒரு மகள். எத்தனையால் வகுக்க வேண்டும்? நாலால். இரண்டால் வகுத்துவிட்டு விடை சரி என்று சாதிக்காதீர்கள். நாலாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்ததுதான்.

– உங்கள் டீச்சர்