கசினோ நகரின் வார இறுதியும் நாலந்தாவைத் தாண்டாத வானும்

2025 ஆகஸ்ட் 2 ஆம் திகதி கொழும்பில் ‘சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் ஸ்ரீலங்கா’ கசினோ திறக்கப்பட்டது. பொலிவூட் நடிகர் ஹிருத்திக் ரோஷன் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். அதே கிழமையில்தான் நல்லூரில் கொடியேறியிருந்தது. கட்டுநாயக்காவில் வந்திறங்கியவர்களில் ஒரு பகுதியினர் சென்னையிலிருந்தும் மும்பாயிலிருந்தும் இரண்டு மூன்று இரவுகளைக் கழிக்க வந்தவர்கள். இன்னொரு பகுதியினர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று பிரிந்துபோய், திருவிழாவுக்காக ஊர் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள். நாட்டின் சுற்றுலாத் திட்டத்தில் இப்போது அதிகம் பேசப்படுவது முதல் பகுதியினரைப் பற்றித்தான். மாலையில் ஒரு காட்சி, இரவில் ஆட்டம், மறுநாள் ஒரு சுற்றுலா, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புதல்: கணவன் மனைவி இருவருக்கான இந்த வார இறுதியை நம்பியே நூறு கோடி டொலருக்கு மேல் கொட்டப்பட்டிருக்கிறது.

கட்டடம் ஜோன் கீல்ஸ் நிறுவனத்துடையது. ஆட்டத்தை நடத்துவது மக்காவோவில் கசினோ நடத்தும் மெல்கோ நிறுவனம். கசினோவுக்கான உரிமம் 20 ஆண்டுகளுக்கு. 2024 இல் இலங்கைக்கு வந்த 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகளில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். சொந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டபூர்வமான கசினோ இல்லாத அவர்களுக்கு, ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் ஒரு கசினோ நகரம். கணக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வார இறுதியில் என்ன பார்ப்பது, எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அந்தப் பணம் எந்த வீதியில் எவ்வளவு தூரம் போகிறது? எங்களுக்கு முக்கியமான கேள்விகள் இவைதான்.

முதல் தெரிவைச் செய்வது கடவுச்சீட்டு. இலங்கைப் பிரஜை கசினோவுக்குள் நுழைய 50 டொலர் வரி இருந்தது. அதை 100 டொலராக்க அரசு 2025 இல் முடிவெடுத்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அந்த வரி இல்லை. சீகிரியாவின் நுழைவாயிலில் இது அப்படியே தலைகீழாகும். அங்கே வெளிநாட்டவர் 30 டொலருக்கு மேல் கட்ட வேண்டும், உள்நாட்டவருக்குச் சிறு தொகைதான். கனடாவிலிருந்து வரும் மைத்துனரும் சாவகச்சேரியில் இருக்கும் மைத்துனரும் சோடிகளாகச் சேர்ந்து ஒரு வார இறுதிக்குப் புறப்பட்டால், சூதாட்ட மேசைக்கு முன்னால் ஒருவரும் காசியப்பனின் குன்றுக்கு முன்னால் மற்றவரும் பணப்பையைத் திறக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர் எந்த இடத்தில் எந்தக் கடவுச்சீட்டை நீட்டுவார் என்பது வேறு கதை.

இரண்டாவது தெரிவைச் செய்வது வீதி. கொழும்பிலிருந்து புறப்படும் ஒரு நாள், இரண்டு நாள் பயணங்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். குருநாகல் வழியாகத் தம்புள்ளை, அங்கிருந்து சீகிரியா, திரும்பும்போது மாத்தளை, கண்டி, மாலையில் ஏரிக்கரையில் கண்டிய நடனம். மாத்தளைப் பக்கத்தில் வான் நிற்கும் இடம் மிளகும் கறுவாவும் காட்டும் வாசனைத் திரவியத் தோட்டம். அங்கே விற்பனையில் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் தரகு உண்டு என்பது இந்தத் தொழிலில் ஊரறிந்த சங்கதி. சாரதியைக் குறை சொல்வதற்கில்லை, அவருடைய சம்பளமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் தரகு கிடைக்காத இடத்தில் வான் நிற்காது. நாலந்தா அப்படிப்பட்ட ஓர் இடம்.

தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடுவே பிரதான வீதியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் உள்ளே நிற்கிறது நாலந்தா கெடிகே. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டப்பட்டதாக ஆய்வாளர் சொல்லும் கருங்கற் கட்டடம். மண்டபமும் கருவறையும் மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணுக்குப் பழக்கமானவை. பல்லவர் காலத் திராவிடக் கட்டடக்கலையின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. வழிபாடோ பௌத்தம். தென்புறத்தில் குபேரன் இருக்கிறான். அடித்தளத்தில் தாந்திரீகச் சாயல் கொண்ட ஒரு சிற்றின்பச் சிற்பமும் உண்டு. இது யாருடையது என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாத கட்டடம் இது. குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறியிலும் அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் இவ்வளவு வழக்கும் பொலிஸும். மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் வந்தபோது கெடிகே நீருக்குள் போக இருந்தது. 1970களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்தில் திரும்பக் கட்டினார்கள். சீகிரியாவின் நெரிசலோடு ஒப்பிட்டால் இங்கே ஆளே இல்லை எனலாம். இருவர் ஆறுதலாக ஒரு மணி நேரம் இருந்து பேச இதைவிட நல்ல இடம் அந்த வீதியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வீதியின் பெயர் ஏ9. எங்களில் பலருக்கு ஏ9 என்றால் ஓமந்தையும் முகமாலையும்தான். 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பிறகு திறந்த பாதை அது. அந்த வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, நாலந்தா வழியாகவே எங்களிடம் வருகிறது என்பதை வரைபடத்தைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். மலையக மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து மாத்தளை சேர்ந்ததும் இந்தப் பக்கத்தால்தான். 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. திரும்ப எழுந்து, மாசி மகத்துக்கு இன்றும் ஐந்து தேர் இழுக்கிறது. சுற்றுலா வான்கள் அதன் கோபுரத்தைப் படம் எடுக்க நிற்கின்றன. எரிந்த கதையை வழிகாட்டி சொல்வாரா என்பது வழிகாட்டியைப் பொறுத்தது.

கசினோ வார இறுதியின் வான் இந்த வீதியில் தம்புள்ளைக்கு வடக்கே போவதில்லை. தூரம் ஒரு காரணம்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் அளவு, இரண்டு இரவுக்கு வருபவரை அங்கே கூட்டிப்போக முடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2009 இற்குப் பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் அதே தூரத்தைக் கடந்து வந்தார்களே, அவர்களுக்கு என்ன காட்டப்பட்டது? கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி. ஆனையிறவில் புல்டோசர் நினைவிடம். புதுக்குடியிருப்பில் நிலக்கீழ் வீடு, அது 2013 ஒக்டோபரில் தகர்க்கப்படும் வரை. இரவு தங்கவும் இடம் இருந்தது: 2012 இல் நந்திக்கடற் கரையில் இராணுவம் ஒரு விடுமுறை விடுதியைத் திறந்தது. அந்த நீரேரிக் கரையில் 2009 மேயில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுற்றுலா என்பது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற தெரிவு என்றால், வடக்குக்கான முதல் சுற்றுலாப் பட்டியலை வென்றவர்களே எழுதினார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், அதே ஏ9 ஓரத்தில், 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

சரி, காட்சிகள்? வடக்கு இசை நிகழ்ச்சிக்கு எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறது என்பதை யாழ். முற்றவெளி இரண்டு முறை காட்டியது. 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணனின் இலவச நிகழ்ச்சி. 2024 பெப்ரவரி 9 இல் ஹரிஹரனின் நிகழ்ச்சி, இதில் பணம் கட்டியவர்களுக்கு முன்னால் தனி இடம், மற்றவர்களுக்குத் தடுப்புக்கு அப்பால். தடுப்பு உடைந்தது, கதிரைகள் சிதறின, நிகழ்ச்சி இடையில் நின்றது. அடுத்த நாள் முழுக்க எங்கள் பிள்ளைகளின் ஒழுக்கம் பற்றிய பிரசங்கம். தடுப்பை எங்கே போடுவது, எத்தனை பேர் வருவார்கள், வெளியேறும் வழி எது என்று கணக்குப் பார்க்காத ஏற்பாட்டைப் பற்றிய பேச்சு குறைவு. கொழும்பு விடுதியில் ஒரு காட்சியை நடத்துபவருக்கு அந்தக் கணக்குத் தொழில். மெல்கோ மக்காவோவில் நடத்தும் தண்ணீர் மேடைக் காட்சி 2010 இல் தொடங்கி, 2020 இல் நின்று, 2025 மேயில் திரும்ப வந்தது. அதைப் பார்க்கவே ஆட்கள் மக்காவோ போகிறார்கள். கொழும்பில் இன்னும் அந்த அளவுக்கு ஒன்று இல்லை. ஆகவே ‘காட்சிக்குத்தான் போகிறோம்’ என்று இப்போது சொல்பவர் உண்மையில் எதற்குப் போகிறார் என்று வீட்டில் கேட்பதில் தவறில்லை.

ஏனென்றால் சோடியாகப் போனாலும் மேசையில் இருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான், கடனோ இருவருக்கும். 100 டொலர் வாசல் வரி ஏழையைத் தள்ளி வைக்கும், உண்மை. கடனில் இருப்பவரை அது தள்ளி வைக்காது. ‘இழந்ததை எடுக்க வேண்டும்’ என்று வருபவருக்கு 100 டொலர் இன்னொரு பந்தயம். சிங்கப்பூரில் பிரஜைக்கு 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டொலர் வரி. அதோடு அவர்கள் நிற்கவில்லை. தன்னை உள்ளே விடாதே என்று ஒருவர் தானே பதிந்துகொள்ளலாம், மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்து ஒருவரைத் தடுக்கலாம், அரச உதவிப் பணம் பெறுபவர் தானாகவே தடைப்பட்டியலில் இருப்பார். இங்கே 2025 ஆகஸ்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. பழைய சட்டங்களை நீக்கி ஒரே அதிகாரசபைக்குக் கீழே எல்லாவற்றையும் கொண்டுவருவது நல்ல தொடக்கம். மொத்த வருமானத்தின் மீதான வரியையும் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக்க அரசு முடிவெடுத்தது. வருமானத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் அரசு, மனைவியின் விண்ணப்பத்தைப் பற்றியும் அதே தெளிவோடு பேச வேண்டும். 2018 இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. ஒரு வீட்டின் கடன் யார் தலையில் முடியும் என்பதற்கு வன்னியில் புதிதாக ஆய்வு தேவையில்லை. சந்திக்குச் சந்தி லொத்தர் விற்கும் அரசுக்கு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வார இறுதிக்குப் போக விரும்புகிறவர்களைப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? முப்பது ஆண்டு சண்டையில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கடற்கரைக்குப் போகவே வழியில்லாமல் ஒரு தலைமுறை கழிந்தது. அவர்களுடைய பிள்ளைகள் சோடியாக இரண்டு நாள் ஊர் சுற்றுவதில் எனக்குச் சந்தோஷம்தான். கொழும்பில் ஓர் இரவு, பிடித்த காட்சி ஒன்று. மறுநாள் விடியப் புறப்பட்டால் மதியத்துக்கு முன் தம்புள்ளை. சீகிரியாவில் டொலரில் கட்ட மனமில்லாதவர் பக்கத்திலுள்ள பிதுரங்கலையில் ஏறலாம், கட்டணம் மிகக் குறைவு. சீகிரியாவை முழுசாகப் பார்ப்பதும் அங்கிருந்துதான். அன்றிரவு தம்புள்ளைப் பக்கம் தங்கிவிட்டு, காலையில் வெயில் ஏற முன் நாலந்தா. சாரதியிடம் முதல் நாளே சொல்லி, தரகுக்குப் பதிலாக ஒரு தொகையையும் பேசி வைத்தால் வான் தாராளமாக நிற்கும். பிறகு மாத்தளை அம்மன் கோயில், கண்டி. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கு இது இன்னும் சுலபம். கண்டிக்குப் போகும் பஸ்ஸிலேயே நாலந்தாவில் இறங்கலாம்.

மூன்று கிழமை விடுமுறையில் வருபவர்கள், நேரம் இருக்கிறதே என்று, தம்புள்ளையில் திரும்பாமல் வடக்கே தொடரட்டும். அங்கே ஒரு கேள்வி மட்டும் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும். காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி அழகான அறைகள் உண்டு. அவற்றில் தல்செவன, வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தபோது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவம் நடத்திய விடுதி. யாழ்ப்பாணத்திலும் தீவுப் பகுதியிலும் ஊர்க்காரர் நடத்தும் சிறிய தங்குமிடங்களும் இருக்கின்றன. சில இடங்களில் குளிரூட்டி சத்தம் போடும், காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும்தான். அறைக்கு முற்பணம் அனுப்ப முன், அந்தக் காணி யாருடையது என்று ஊரில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு அறிந்துகொள்ளலாம்.