கன்னியாகுமரி போட்ல ஏறப்போறீங்களா? உங்க வெதர் ஆப் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு!

சித்ரா பௌர்ணமிக்கு கன்னியாகுமரி போக பிளான் போட்டாச்சு. ஒரு பக்கம் சூரியன் இறங்க, இன்னொரு பக்கம் நிலா ஏறுற அந்த சீனுக்கு என்ன டிரெஸ்னு இன்ஸ்டாவில் சேவ் பண்ணியும் வச்சாச்சு. வெள்ளை லினன், காற்றில் பறக்கிற ஸ்கர்ட், கண்ணாடிப் பாலத்தில் நடக்கிற மாதிரி ஒரு ரீல். காலையில் படகுத்துறைக்குப் போய் நின்னா, 'கடல் சீற்றம் காரணமாக படகு சேவை நிறுத்தம்'னு அறிவிப்பு. நிமிர்ந்து பார்க்கிறீங்க. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மொபைல் ஆப்பிலும் பளிச்சுனு சூரியன்தான்.

ஆப் பொய் சொல்லலை. அது வானத்தைப் பார்த்து சொல்லுது, கடலைப் பார்க்கலை, அவ்வளவுதான்.

கோடைக்காலத்தில், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரைக்கு ஒரு விருந்தாளி வரும். பெயர் 'கள்ளக்கடல்'. திருடன் மாதிரி சத்தமில்லாமல் வர்றதால் கேரள மீனவர்கள் வச்ச பெயர். தெற்கு இந்தியப் பெருங்கடலில், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் அடிக்கும். அங்கே கிளம்புகிற நீண்ட அலைகள் சில நாள் பயணம் பண்ணி நம்ம கரையில் வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் மட்டும் திடீர்னு கரையைத் தாண்டும்.

2024 மே 6-ம் தேதி நடந்தது ஞாபகம் இருக்கலாம். கல்யாணத்துக்கு வந்த பயிற்சி மருத்துவர்கள், நாகர்கோவில் பக்கத்தில் இருக்கிற கணபதிபுரம் லெமூர் கடற்கரைக்குப் போனார்கள். அலை இழுத்ததில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற 'இன்காய்ஸ்' என்ற தேசிய கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நாட்கள் அவை.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. நம்ம கடல் எச்சரிக்கைகளில் பெரும்பாலும் என்ன வரி இருக்கும்? 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' மீனவருக்கு அது போய்ச் சேரும். மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ரெண்டு நாள் லீவு போட்டு வர்ற உங்களுக்கு அது உங்களைச் சொன்ன மாதிரியே தோணாது. 'நாம என்ன வலையா போடப்போறோம், கால்தானே நனைக்கப்போறோம்'னு கடந்துபோயிடுவீங்க. சுற்றுலா விளம்பரம் எந்த மொழியில், எந்த ஸ்கிரீனில் உங்களைத் தேடி வருதோ, எச்சரிக்கையும் அதே ஸ்கிரீனில் வரணும். 77 மீட்டர் நீளத்துக்கு 37 கோடி ரூபாயில் கட்டி, 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலத்தின் வீடியோ வராத போன் இல்லை. இன்காய்ஸ் அறிவிப்பை எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

சரி, இப்போ பேக்குக்கு வருவோம். 'ஸ்பிரிங் க்ரூஸுக்கு என்ன எடுத்துட்டுப் போகலாம்'னு தேடினால் வர்ற லிஸ்ட் எல்லாம் குளிர் தேசத்துக் கப்பல்களுக்கு எழுதினது. ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ், ஸ்கார்ஃப். நமக்கு அதில் எடுத்துக்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு: தடிமனா ஒண்ணு வேண்டாம், மெல்லிசா ரெண்டு. ஏன்னா இந்த ஊரில் குளிர் தெர்மாமீட்டரில் தெரியாது. வெயில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனா அலைத்துளி தெறிச்சு நனைஞ்ச சட்டையில் காற்று அடிச்சா, ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடும். பல்லு தந்தியடிக்கும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியா எவ்வளவு காற்று வருதுன்னு தெரியணும்னா, வர்ற வழியில் முப்பந்தல் காற்றாலைகளைப் பாருங்க.

அதனால முதல் எதிரி ஜீன்ஸ். நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும், லாட்ஜ் ரூமில் ஒரு ராத்திரியில் காயாது. காட்டன் பேன்ட் கூடப் பரவாயில்லை, சீக்கிரம் காயுற ட்ராக் துணி இன்னும் நல்லது. மேலே ஒரு மெல்லிய விண்ட்சீட்டர், மடிச்சா கைக்குள்ள அடங்குற மாதிரி. படகில் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஆகணும். புசுபுசு ஜாக்கெட்டுக்கு மேல் அதை மாட்டினா பட்டை சரியா இறுகாது. குடை எடுத்துட்டுப் போறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும். பாறையில் அடிக்கிற காற்றுக்குக் குடை தாமரைப்பூ மாதிரி விரிஞ்சிடும்.

துப்பட்டா, முந்தானை ரெண்டுக்கும் ஊக்கு போடுங்க. படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் படகு ஆடும். அந்த நேரத்தில் துணி காலில் சிக்கினா பிடிச்சுக்க ஒரு கைதான் மிச்சம் இருக்கும், அதிலும் போன் இருக்கும்! அந்தப் பறக்கிற ஸ்கர்ட்? கண்ணாடித் தரை, கீழே கடல், எல்லாப் பக்கமும் காற்று. உள்ளே ஒரு லெகின்ஸ் போட்டுட்டு தாராளமா போங்க. பின்பட்டை வச்ச செருப்புதான் சரி. விவேகானந்தர் மண்டபத்தில் அதைக் கழற்றணும், அதனால லேஸ் கட்டுற ஷூ வீண் வேலை.

பசங்களுக்கு ஒண்ணு. பகவதி அம்மன் கோயில், சுசீந்திரம் ரெண்டு இடத்திலும் சட்டையைக் கழற்றிட்டுத்தான் உள்ளே போகணும். இறுக்கமான டி-ஷர்ட்டை விட பட்டன் வச்ச சட்டை சுலபம்.

எல்லாத்தையும் விட முக்கியமா நான் சொல்றது, ஒரு செட் துணி எக்ஸ்ட்ரா. நனைஞ்சா மாத்திக்க மட்டும் இல்லை. 'ராத்திரி ட்ரெயின், இன்னைக்கு விட்டா போச்சு'ங்கிற அவசரத்தில்தான் பலரும் சீறுற கடலில் கால் வைக்கிறாங்க. அரை நாள் தள்ளி டிக்கெட் போட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி துணி இருந்தா, படகு நின்ன அன்னைக்கு பத்மநாபபுரம் அரண்மனை இருக்கு, திற்பரப்பு அருவி இருக்கு. அருவியில் குளிச்சிட்டு மாத்துறதுக்கும் அதே செட்தான். மறுநாள் காலையில் கடல் அடங்கியிருந்தா படகுத்துறைக்குத் திரும்பி வரலாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாள், வெதர் ஆப்பைப் பார்த்த கையோட இன்காய்ஸ் தளத்தில் கன்னியாகுமரி கடற்கரைக்கு அலை எச்சரிக்கை இருக்கான்னும் பாருங்க. லாட்ஜுக்கு போன் பண்ணி 'நேத்து போட் ஓடிச்சா அண்ணே?'னு ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம், ஈரத்துணியைச் சுத்திக் கொண்டுவர ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் பேக்கில் போட்டுக்கோங்க. உப்புத்தண்ணி வாசத்தோட ராத்திரி முழுக்க ட்ரெயினில் உட்கார்ந்து வர்றது பக்கத்து சீட்டுக்காரருக்குப் பிடிக்காது.