செம்பனின் சோற்றுக் கோப்பை

வேப்பமரத்தடி மணலில் எறும்புகள் மொய்த்திருப்பதை முதலிற் கண்டவள் என் தம்பியின் மகள். பெரியநீலாவணையில் எமது வளவு முழுவதும் கடல்மணல். செம்பன் என்னும் எமது கடுவன் பூனை தன் கடன் கழித்து மூடிச் செல்வதும் அம்மணலிலேதான். "மாமி, செம்பன் தோண்டுற இடத்திலெல்லாம் எறும்பு!" என்று அவள் கூவியபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. எறும்பு மொய்க்கும் நீரைக் கொண்டு இந்நோயை அறிவது பண்டை ஆயுர்வேத நூலோர் கண்ட வழி. அவர்கள் இதற்கு மதுமேகம் என்று பெயரிட்டதும் அதுபற்றியே.

உண்மையில் அறிகுறிகள் இரண்டு மாதமாகவே கண்முன் இருந்தன. தண்ணீர்ச் சட்டி காலையில் நிரப்பினால் மதியத்தில் வெறுமையாகும். தின்பதோ முன்னிலும் அதிகம். உடலோ மெலிந்துகொண்டே வந்தது. பின்னங்கால்களின் குதிகாலை நிலத்திற் பதித்து, கிழவனைப்போல் நடக்கத் தொடங்கியது. ஒன்பது வயதாயிற்றே, முதுமைதான் என்று எண்ணி, மெலிவு தீர இன்னும் ஒரு பிடி சோறு கூட்டி வைத்தோம்.

இக்கரையோரத்தில் மிருக வைத்தியரிடம் பெரும்பாலும் வருபவை மாடும் ஆடும் கோழியுமே. கூடையிற் பூனையோடு நாம் போய் நின்றதை அங்கிருந்தோர் வேடிக்கையாகப் பார்த்தனர். வைத்தியர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் இரத்தத்தில் சீனி மிக உயர்ந்திருந்தும் அவர் முடிவு கூறினாரில்லை. பூனை அஞ்சினாலே அதன் இரத்தத்தில் சீனி ஏறிவிடுமாம். சிறுநீரையும் சோதித்து, சில நாள் கழித்து இரத்தத்தை மறுபடியும் பார்த்த பின்னரே, "சலரோகந்தான்" என்றார்.

அன்று மதியம் உம்மா உண்ணவில்லை. அவருக்கும் பத்து ஆண்டுகளாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்ன நாள்முதல், தமது கோப்பையிலிருந்து ஒதுக்கிய பாதியை மீன் ஆணத்திற் பிசைந்து செம்பனுக்கு வைத்து வந்தவர் அவரே. "எனக்கு வேணாமெண்டு சொன்ன சோத்தத்தான் புள்ள அதுக்கு வெச்சன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து இருந்துவிட்டார்.

சோறு மட்டுமே நோயைத் தந்தது என்று சொல்வதற்கில்லை. நலமடிக்கப்பட்ட கடுவன்களுக்கும், உடல் பருத்த பூனைகளுக்கும், ஏழெட்டு வயதைக் கடந்தவற்றுக்கும் இந்நோய் மிகுதியாக வருகிறது. செம்பன் இம்மூன்று வகையிலும் அடங்குவான். ஆயினும் பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. மாப்பொருள் ஒரேயடியாக வந்து சேர்ந்தால் அதைக் கையாளும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. ஆகவே மருந்தோடு உணவையும் மாற்ற வேண்டியதாயிற்று. இதை உம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டார், ஒப்பினாரா என்பது வேறு.

இப்போது செம்பனுக்கு முள் நீக்கி அவித்த மீனும், அவித்த கோழியிறைச்சியும், அவித்த நீரோடு சேர்த்தே. மீன் மட்டுமே நாள்தோறும் போதாது. சில சத்துக்கள் குறைந்துவிடும். கறிச்சட்டியிலிருந்து எடுத்து வைப்பதும் ஆகாது, ஏனெனில் வெங்காயம் பூனைக்கு நஞ்சு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: இன்சுலின் பெறும் பூனைக்குச் சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிடலாகாது. மாப்பொருள் குறையக் குறைய மருந்தின் தேவையும் குறையும். பழைய அளவையே குத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வைத்தியர் பார்த்துப் பார்த்தே மாற்றினார்.

இன்சுலினின் வரலாற்றை மாணவர் அறிவர். 1921இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் நாய்களிடத்தே ஆராய்ந்து கண்டதை, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகக் குத்தினார்கள். மிருகங்களால் நமக்குக் கிடைத்த மருந்து இன்று மிருகங்களுக்கே திரும்பிச் செல்கிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. மிருகங்களுக்கென விற்கப்படும் ஒருவகை இன்சுலின் பன்றியிலிருந்து பெறப்படுவது. அதை வீட்டில் வைப்பதா என்று தம்பி தயங்கினான். எமக்கு எழுதித் தரப்பட்டதோ கிளார்ஜின். நுண்ணுயிரைக் கொண்டு ஆக்கப்படுவது, மனிதருக்கும் கொடுக்கப்படுவது. பூனைகளுக்கு நன்கு ஒத்துவருவதும் அதுவே என்றதும் அந்தத் தயக்கம் தீர்ந்தது.

ஆனால் அது உம்மாவின் இன்சுலின் அன்று. அவருடையது இருவகை கலந்தது. இரண்டு குப்பிகளும் ஒரே குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதால், செம்பனுடையதற்குச் சிவப்பு நூல் கட்டினோம். ஊசிக்குழாயையும் கவனித்தே வாங்க வேண்டும். மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்ட மருந்தை, 40 அலகுக்கென அமைந்த குழாயில் கோடு பார்த்து எடுத்தால், இரண்டரை மடங்கு ஏறிவிடும். பூனைக்கு உரியதோ ஓர் அலகு, இரண்டு அலகு.

குத்துவது நாம் அஞ்சியதுபோல் கடினமன்று. அது தின்றுகொண்டிருக்கையில் விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கிக் குத்தினால் தலையைக்கூட நிமிர்த்தாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எமக்கு மஃரிப் பாங்குதான் மாலைக் கடிகாரம். மஃரிப் தொழுது எழுந்ததும் ஊசி.

அக்கடிகாரமே ஒருநாள் எம்மை ஏமாற்றிற்று. மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை, நான் கல்முனைக்குப் போய் வரத் தாமதமாயிற்று. உம்மா தாமே குத்திவிட்டுப் படுக்கச் சென்றிருந்தார். அதறியாது வந்த நான் மறுபடியும் குத்தினேன். இரவு பத்து மணியளவில் செம்பன் சுவரில் முட்டித் தள்ளாடியது; உடல் நடுங்கிற்று. காதோரத்தில் துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீற்றரில் இட்டால் 41. தேனை விரலில் தொட்டு ஈறிலே தேய்த்தோம். நினைவு மங்கியிருக்கும்போது வாயில் ஊற்றலாகாது, புரையேறும். சற்றுத் தெளிந்ததும் உணவு வைத்தோம். பின்னர் முச்சக்கர வண்டியில் வைத்தியரிடம். வழிநெடுக உம்மா கூடையை மடியில் வைத்து ஓதிக்கொண்டே வந்தார். விடியும்வரை அவனுக்கு மருந்துநீர் ஏற்றினார்கள்.

மறுநாள் சமையலறைச் சுவரில் நாட்காட்டி ஒன்று தொங்கிற்று. குத்தியவர் அப்போதே கோடிட வேண்டும். கோடு ஐயமாயிருந்தால் குத்துவதில்லை. ஒருவேளை தவறினால் சீனி ஏறும், இருமுறை குத்தினால் உயிர் போகும். உண்ண மறுத்த வேளையிலும் முதலில் வைத்தியரைக் கேட்டே ஊசி. உண்ணாமல் வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, அது வேறோர் ஆபத்து. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

ஊசியின்றி வாய்வழி கொடுக்கும் மருந்து இல்லையா என்று கேட்போருக்கு: உண்டு. பெக்ஸாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரைக்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் முன்பு இன்சுலின் பெற்ற பூனைக்கு அது உரியதன்று, செம்பனுக்குப் பயனில்லை.

ஐந்து மாதமாகிறது. இரண்டு அலகு ஓர் அலகாகக் குறைந்திருக்கிறது. நோய் தொடங்கிய காலத்திலேயே மருந்தும் தக்க உணவும் பெற்ற பூனைகளுட் சில இன்சுலினையே விட்டுவிடுவதுண்டு. செம்பன் அக்கூட்டத்திற் சேர்வானா என்று வைத்தியர் வாக்குத் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. குதிகால் மெல்ல மேலெழுந்துவிட்டது. நேற்று மதிலில் ஏறினான்.

உம்மா மதியத்தில் இன்றும் பாதிச் சோற்றை ஒதுக்குகிறார். அது கோழிகளுக்குப் போகிறது. செம்பன் வாசற்படியில் இருந்து அதைப் பார்க்கும்போது மட்டும், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.