கெட்டிலின் அடியில் படியும் வெள்ளை

போர் தண்ணீரைக் காய்ச்சும் கெட்டிலின் அடியில், நகத்தால் சுரண்டினாலும் வராத ஒரு வெள்ளைப் படிவு இருக்குமே, ஏறக்குறைய அதே சங்கதிதான் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலிலும் நடந்தது. நிலநடுக்கோடு வரை பூமியைப் பனி மூடிக் கிடந்தது. எரிமலைகள் மட்டும் ஓயவில்லை. அவை கக்கிய கரியமில வாயுவைக் கரைத்து இறக்க மழை இல்லை. அரிபடப் பாறையும் வெளியே தெரியவில்லை. வாயு சேர்ந்துகொண்டே போனது. அது ஏற்றிய சூட்டை ஒரு கட்டத்தில் பனி தாங்கவில்லை. பிறகு பெய்த அமில மழை பாறைகளை அரித்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சூடேறிய கடலில் கொண்டு கொட்ட, அவை கார்பனேட்டாகப் படிந்து பாறையாயின.

இதைக் காட்டி, ‘பூமி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், நமக்கென்ன கவலை?’ என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சரிசெய்யத்தான் செய்தது, ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு. நாம் விடும் புகைக்கு அந்த அவகாசம் கிடையாது. கடல் இப்போதே அமிலத்தன்மை ஏறி, சிப்பிக்கு ஓடு கட்டுவதே சிரமமாகி வருகிறது.

தென் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில், எனோரமா ஓடைக்கரையில், பனி உருகிக் கடல் சூடேறிய அந்தத் திருப்பத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே பனியாறு விட்டுப்போன செந்நிறப் படிவு. அதன்மேல், கத்தியால் கீறியதுபோல் சட்டென்று தொடங்கும் வெளிறிய டோலமைட், அந்தக் கார்பனேட் பாறை. எடியகாரன் என்னும் புவியியல் காலம் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று புவியியலாளர்கள் 2004இல் அறிவித்தார்கள். அடையாளத்துக்கு ஒரு சின்ன வெண்கல வட்டு பதித்திருக்கிறார்கள்.